மொட்டைமாடியில் தெளிந்த சாயத் தண்ணீர்

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரின் பூன் லேயில் குடியிருந்தோம். பக்கத்தில் இருந்த துணிச் சாய ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் நான் உதவியாளர். எனக்கு மேலே இருந்த வேதியியலாளர் புக்கிட் மேராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். இரண்டு வயதுதான் மூத்தவர். அக்கா என்றே கூப்பிடுவேன்.

ஆலையின் பின்பக்கக் கால்வாயைப் பார்த்தாலே அன்றைக்கு எந்த நிறத்துக்கு ஆர்டர் என்று தெரிந்துவிடும். அதைச் சகிக்க முடியாமல்தான் அக்கா சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கும் வேலையில் இறங்கினார். பெயிண்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டையாக்சைடு தூள் வெயிலில் சாயத்தைச் சிதைக்கும் என்று ஏதோ கட்டுரையில் படித்திருந்தார். அதைக் கரித்தூளோடும் சிமெண்டோடும் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக்கிக் காயவைத்தோம். ஆலையின் மொட்டைமாடியில் எட்டுத் தட்டுகளில் பரப்பி, நீலச் சாயத் தண்ணீரை ஊற்றினோம். ஒரு தட்டை மட்டும் அக்கா பலகையால் மூடினார்.

"கரி சாயத்த உறிஞ்சிக்கும், அது வேற. வெயில் என்ன செய்யுதுன்னு தெரியணும்ல?"

மாலையில் வெயில் பட்ட தட்டுகளில் அடி தெரிந்தது. மூடிய தட்டில் நீலம் லேசாக வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

பெரிய தொட்டிகள் கட்டித் தரச் சொல்லி அக்கா மேனேஜரிடம் கேட்டார். அவரும் தமிழர்தான். "தொட்டியெல்லாம் நெக்ஸ்ட் இயர் பாக்கலாம்லா. இப்ப இந்தத் தட்டே போதும், விசிட்டர் வந்தா காட்டலாம்" என்றார்.

அப்படியே காட்டினார். எங்கள் தண்ணீர் எல்லாம் இப்படிச் சுத்தமாகித்தான் வெளியே போகிறது என்று வருகிறவர்களிடம் கூசாமல் சொல்வார். ஆலை ஒரு நிமிடத்தில் விடும் தண்ணீரைக்கூட அந்த எட்டுத் தட்டுகள் தாங்காது. வெள்ளைக் கோட்டு மாட்டி, தெளிந்த தண்ணீர்க் குவளையை ஏந்திப் பக்கத்தில் நிற்பது என் வேலை. பொய்க்குத் துணை நிற்கிறோமே என்று எனக்குக் கூசும்.

ஒருநாள் அரசு அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். மேனேஜர் அவரிடமும் அதே கதையை ஆரம்பித்தார். அக்கா குறுக்கிட்டு, "கீழே பின்பக்கக் கால்வாயையும் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மேனேஜர் தமிழுக்கு மாறினார். "நீங்க சும்மா இருங்கம்மா."

"சும்மா இருந்துதான் சார் இவ்வளவு தூரம் வந்துருக்கு."

நான் கீழே ஓடினேன். அன்றைக்குச் சிவப்பு. ஒரு போத்தலில் பிடித்து வந்து, அந்தத் தெளிந்த குவளைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதிகாரி இரண்டையும் பார்த்தார். கால்வாய்க்கு இறங்கிப் போய், தானே ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டார்.

சில வாரங்களில் கழிவுநீரைச் சுத்திகரித்தே வெளியே விட வேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது. ஆலையில் வேறு வகைச் சுத்திகரிப்புத் தொட்டிகள் கட்டினார்கள். கால்வாயில் நிறம் குறைந்தது. எங்கள் உருண்டைகளைக் குப்பையில் கொட்டினார்கள். அக்காவைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டு அவர் வேலையை விட்டார்.

அந்த வருடம் ஆலையின் ஆண்டு விருந்து சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றில் நடந்தது. தண்ணீரைச் சுத்தமாக்கியதற்காக மேனேஜருக்கு மாலை போட்டார்கள். நான் அவர் மேசைக்கே போனேன்.

"அக்கா பேரையாவது சொல்லியிருக்கலாம், சார்."

"உக்காந்து சாப்பிடுங்கம்மா. பிரியாணி ஆறிடும்."

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.