வாயால் சொல்லக் கூடாதது

நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அம்மாள் காலையில் சமையலறைக்குள் வந்ததும் சொல்லும் முதல் சொல் பெரும்பாலும் ‘இல்லை’ என்பதுதான். பால் இல்லை, சர்க்கரை இல்லை. விடிந்ததும் விடியாததுமாக அதைக் கேட்டால் எனக்குத் திக்கென்றிருக்கும். திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்வோம். கேட்டவர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் இந்த அம்மாளிடமும் அப்படியே சொன்னேன். ரொம்பச் சந்தோஷம் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனவர், அரிசியைத் தவிர எல்லாம் வாங்கி வந்தார்.

விழுப்புரத்தில் செவிலியராக இருந்த நான் மனநலப் பயிற்சிக்காக இங்கே வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த எண்பதுகளில்தான் இங்கே செவிலியர்களுக்கும் காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி என்ற ஒன்றைக் கற்றுத்தர ஆரம்பித்திருக்கிறார்கள். பயந்தவருக்குத் தைரியம் சொல்வதல்ல அது. பயம் என்ன சொல்கிறது என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து, அது உண்மைதானா என்று அவரோடு சேர்ந்து சோதித்துப் பார்ப்பது. எனக்குக் கிடைத்த முதல் நோயாளியை லிண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வயதுதான்; பிள்ளையோடு எங்கள் வார்டில் தங்கியிருந்தாள். கைக்குழந்தை மூச்சுவிடுகிறதா என்று பார்க்க அதை எழுப்பிக்கொண்டே இருப்பாள். இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. அந்தப் பயம் குறையாமல் அவளைக் குழந்தையோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது.

‘நீ எழுப்பாமல் விட்டிருந்தால் குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறாய்?’ நான் கேட்க வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு வந்ததும், ‘ஒன்றும் ஆகாது, பயப்படாதே’ என்று சொல்லிவிடுவேன். அவள் முகம் தெளியும். கொஞ்ச நேரத்தில் அதே ஆறுதலைக் கேட்டுத் திரும்ப வருவாள். எனக்குக் கற்றுத்தரும் மூத்த செவிலியர் ஜோன், என் ஆங்கிலம்தான் தடை என்று நினைத்து, அந்தக் கேள்வியை ஒவ்வொரு சொல்லாக மெதுவாகச் சொல்லிக் காட்டினார். ஆங்கிலம் வந்தது. வாய்தான் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், இல்லையென்றால் லிண்டாவை வேறொருவரிடம் மாற்ற வேண்டியிருக்கும் என்றார்.

என் மகள் செல்வி பிறந்த புதிதில் ஒரு சாயங்காலம், என் நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். “அண்ணி, இவ தூக்கத்துலயே மூச்சு நின்னு...” என்று ஆரம்பித்தேன். மண் ஒட்டியிருந்த உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார்.

“வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா பேச்சு பேசிக்கினு இருக்கிற? அப்பிடியே ஆவட்டும்னு மேல போற தேவத எதுனா சொல்லிடப் போவுது. நீ போய்த் தூங்கு, நான் முழிச்சிக்கினு இருக்கேன்.”

சொன்னபடியே குழந்தையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பல மாதம் நான் தூங்கியது அவர் தயவில்தான். இப்போதும் செல்வி திண்டிவனத்தில் அவரிடம்தான் வளர்கிறாள். விழுப்புரம் ரயில்வேயில் வேலை பார்க்கும் என் கணவர் சாயங்கால வண்டியில் வந்து பார்த்துக்கொள்கிறார். ஆனால் சொல்லாமல் விட்ட அந்தச் சொல் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

அந்த வாரம் லிண்டா வழக்கம்போல, குழந்தைக்கு ஒன்றும் ஆகாதில்லையா என்று கேட்டாள். வழக்கமான ஆறுதல் நாக்கு நுனிவரை வந்தது. அண்ணியின் கை என் வாய்மேல் இருப்பது போலவே இருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த ஜோன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

லிண்டா என்னையே பார்த்தாள். “செத்துப்போயிருப்பான்” என்றாள். கூரை இடிந்து விழவில்லை. வெகுநேரம் அழுதுவிட்டு, இதைச் சொல்ல வாயெடுத்தாலே அவள் அம்மாவும் புருஷனும் ‘சேச்சே’ என்று அடக்கிவிடுவார்கள் என்றாள். வாயைப் பொத்தும் கை எங்கள் ஊரில் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

பிறகுதான் சோதனை. குழந்தை அடுத்த அறையில் தூங்கும். அரைமணி நேரம் அவள் எட்டிப் பார்க்கக் கூடாது. என் கையை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயம் ஏறியது, நின்றது, தானாகவே இறங்கியது. பிள்ளை பசித்துத் தானே எழுந்து அழுதான். பல வாரம் இப்படிச் செய்தபின் போன வெள்ளிக்கிழமை அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சரியாகத்தான் செய்தேனா என்று இன்னமும் யோசிக்கிறேன். ஜோனுக்கு நன்றி சொன்னபோது, கேட்டது நீதானே என்றார்.

ஞாயிறு மதியம் தெருமுனை டெலிபோன் கூண்டிலிருந்து ஊருக்குப் பேசினேன். அண்ணி வீட்டுக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடையில்தான் போன். மணி அடித்துக்கொண்டே இருக்க, செல்விக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குள் அந்தப் பழைய எண்ணம் எழுந்தது. வேறென்ன காரணம் இருக்கலாம் என்று என்னையே கேட்டேன். கடைக்காரர் டீ குடிக்கப் போயிருக்கலாம். போயிருந்தாராம். ஒருவழியாக அண்ணி வந்தார்.

“உம் பொண்ணுக்கு இன்னா, நல்லாத்தான் இருக்கா. பச்ச மல்லாட்டயத் துன்னுட்டு வயித்த வலிக்குதுனு பேஜாரு பண்ணிக்கினு இருக்கா.”

லிண்டாவின் கதையைச் சொன்னேன். “கெட்டதக் கேக்குறதுக்கு அந்த ஊர்ல சம்பளம் வேற குடுக்குறாங்களா?” என்றார். சிரித்தேன். அப்புறம், “அண்ணி, அன்னிக்கு நான் ஒண்ணு சொல்ல வந்தேனே...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். இங்கே மதியம் என்றால் அங்கே விளக்கு வைக்கும் நேரம் என்று நினைவு வந்தது. “வெளக்கு வெச்சிட்டீங்களா?” என்று கேட்டேன்.



“இன்னும் வெக்கல. மேல போய்த்தான் வெக்கணும். சொல்றதுனா அதுக்குள்ள சொல்லிடு.”

சொன்னேன். கூண்டுக்கு வெளியே நல்ல வெயில். திண்டிவனத்தில் ஒரு வீடு எனக்காகக் கொஞ்ச நேரம் இருட்டாகவே இருந்தது.