அக்கா குலுக்கிய சீட்டு

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. சொந்தங்கள் எல்லோரும் அவரைத் தாங்கினோம் என்று இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை.

அக்கா கெங்குவார்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தவர் அவர்தான். மூன்று நாள் பட்டினி கிடந்து அப்பாவைச் சம்மதிக்க வைத்துக் கல்லூரிக்குப் போனார். எங்கள் உறவினர்கள் நிறைந்த ஓர் ஊரில் சமூக அறிவியல் ஆசிரியர் ஆனார்.

ஒன்பதாம் வகுப்பில், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று நடத்திக்கொண்டிருந்தார். காலனியிலிருந்து வரும் செல்வி எழுந்து, "அப்ப நாங்க மட்டும் எதுக்கு டீச்சர் கடைசி பெஞ்சு?" என்று கேட்டாள். மறுநாள் சீட்டுக் குலுக்கி எல்லோரையும் கலந்து உட்கார வைத்தார். மதியச் சாப்பாட்டுக்கும் அதே வரிசைதான்.

ஒரே வாரத்தில் அவர்மேல் மனு போனது. எழுதியவர் சித்தப்பா. அப்பா கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். கல்வி அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, "கையெழுத்து அழகாத்தான் இருக்கு. நாந்தானடா எழுதப் பழக்குனேன்" என்றார்.

இடமாற்றம் வந்தது. செல்வியை மறுபடி கடைசி பெஞ்சுக்கே அனுப்பினார்கள். அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். கூப்பிடப் போன அக்காவிடம் அவள் தாயார், "நீங்க சும்மா இருந்திருந்தா எம்மக பத்தாவது வரைக்குமாச்சும் படிச்சிருப்பா" என்றார். அந்தச் சொல் அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் அடுத்த பள்ளியிலும் சீட்டுக் குலுக்கினார். அதற்குப் பிறகு சொந்தத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அவருக்கு வரவில்லை.

கடைசியில் பழனிசெட்டிபட்டி வாடகை வீட்டில் அக்கா புற்றுநோயோடு கிடந்தபோது, கேள்விப்பட்டு முதலில் வந்தவர் செல்வி. திராட்சைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு இரண்டு மாதம் கூடவே இருந்தார். குளிப்பாட்டினார், துணி மாற்றினார். நான் தாமதமாகத்தான் போனேன். வாசலில் நிற்கும்போது, "ஒன் படிப்பக் கெடுத்துட்டேனே" என்று அக்கா அழுவது கேட்டது. "கெடுத்தவுக வேற ஆளுக, டீச்சர். நீங்க கஞ்சியக் குடிங்க" என்றார் செல்வி.

பதினாறாம் நாள் காரியத்தில் செல்விக்குக் கொல்லைப்புறத்தில் தனியாக இலை போட்டார்கள். அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

இந்த மலரில் நன்றி சொல்ல எனக்குச் செல்வி ஒருவரே இருக்கிறார். இன்றைய நினைவுநாள் சாப்பாட்டின் முதல் பந்தியில் என் பக்கத்து இலையில் அவர் உட்காருவார். ஒப்பாதவர்கள் இந்த மலரைக் கையில் எடுத்துக்கொண்டு இப்போதே புறப்படலாம்.

தம்பி