இடது காதில் கேட்ட சம்மதம்

எங்கள் வீட்டில் என்னிடம் அனுமதி வாங்க வேண்டுமென்றால் என் இடது பக்கமாக வந்து உட்காருவார்கள். இது எனக்குத் தெரிய வந்ததே மகளின் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான்.

என் இடது காது காட்டில் போனது. இளவயதில் மலேசிய ராணுவத்தில், முதுகில் வயர்லெஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு, தாய்லாந்து எல்லைப் பக்கம் கம்யூனிஸ்டுகளைத் தேடி அலைந்தேன். எனக்கு முன்னால் நடந்தவர் கண்ணிவெடியை மிதித்தார். அவருக்கு ஒரு கால் போயிற்று. எனக்கு இடது காதில் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் தங்கிவிட்டது, வேறெதுவும் அந்தப் பக்கம் கேட்காது. பிறகு படித்து எலெக்ட்ரிக்கல் எஞ்சினியராகி சுபாங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே மெஷின் இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது, என் குட்டு பத்திரமாக இருந்தது. செவிடன் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் மானம் என்னாவது? அதனால் இடது பக்கம் யார் என்ன சொன்னாலும் "சரி, சரி" என்று தலையை ஆட்டிவிடுவேன். யாருக்கும் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

ஒரு நாள் கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் மகள் மேசை நாற்காலியை ஒதுக்கினாள்.

"வாங்கப்பா, பிராக்டிஸ் பண்ணலாம்."

"என்ன பிராக்டிஸ்?"

"டான்ஸ்! கல்யாணத்துல நீங்களும் நானும் ஆடுறோம்ல? நீங்கதானே சரின்னு சொன்னீங்க."

"நானா? எப்போ?"

சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. "ஐயோ, மனுஷா! உங்ககிட்ட இந்த வீட்டுல எதைக் கேட்டாலும் இடது காதுலதான் கேப்போம். பூனைய வளர்க்கக் கேட்டது அங்க. அவ பினாங்குக்குப் படிக்கப் போகக் கேட்டது அங்க. ஏன், இந்த மாப்பிள்ளையே அந்தக் காது வழியா வந்தவர்தான்!"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன். பாட்டும் ஆள் சத்தமும் கலந்து இரையும் மண்டபத்தில் ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு தாளம் பிடிக்க என்னால் முடியாது. கேரித் தீவிலிருந்து பஸ் பிடித்து வரப்போகும் சம்பந்தி வீட்டுக் கூட்டத்துக்கு முன்னால் நான் தத்தக்கா பித்தக்கா என்று ஆடினால், தலை குனியப் போவது என் மகள். அதைச் சொல்லித் தப்பிக்கவும் வாய் வரவில்லை. அவள் முகம் அப்படி மலர்ந்து கிடந்தது.

எஞ்சினியர் மூளை சும்மா இருக்குமா? பாட்டின் தாளத்துக்கு ஏற்ப மின்னும் விளக்குச் சரம் ஒன்று செய்தேன். காதால் கேட்காததைக் கண்ணால் பார்த்து ஆடிவிடலாம் என்று திட்டம். கல்யாணத்தன்று காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய் மேடை ஓரத்தில் அதைக் கட்டி வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு இதென்ன வேலை?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தாலி கட்டி முடிந்தது. பாட்டு ஆரம்பித்தது. சரம் மின்னியது, நானும் ஆடினேன்! சிவப்புக்கு வலது கால், பச்சைக்கு இடது கால். கூட்டம் விசிலடித்தது. அடடா, இவ்வளவுதானா என்று இடுப்பையும் கொஞ்சம் அசைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பட்டென்று எல்லாம் அணைந்தது. விளக்கு, பாட்டு, ஃபேன், ஏர்கான், எதுவும் இல்லை. சாப்பாட்டுக்காரர்கள் தேத்தண்ணிக்கு வெந்நீர் போட, பெரிய மின்சாரக் கொதிகலனைக் கொண்டுவந்து என் விளக்குச் சரம் ஓடிய லைனிலேயே செருகியிருந்தார்கள்.

"என்ன அங்கிள், எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர் வீட்டுக் கல்யாணத்துலயே கரண்ட் போச்சுலா!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. என் கால்கள் தாமாகவே மெயின் சுவிட்ச் பெட்டியைப் பார்த்துக் கிளம்பின. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்தாள்.

"கரண்டப் பார்க்க வேற ஆளு இருக்காங்கப்பா. எனக்கு நீங்க மட்டுந்தான் இருக்கீங்க. ஆடுங்க."

"எனக்குக் கேக்காதும்மா."

அந்த வார்த்தையை நான் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும்ப்பா," என்றவள், தவில்காரரைப் பார்த்து, "அண்ணே, அடிங்க!" என்றாள்.

அவர் எழுந்து எங்கள் பக்கத்திலேயே வந்து நின்று வெளுத்துக் கட்டினார். தவிலுக்குக் காது எதற்கு? அடி நேராக நெஞ்சில் விழுந்தது, பல்லில் அதிர்ந்தது. அரை இருட்டில், ஜன்னல் வெளிச்சத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினேன். சம்பந்தி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். என் மனைவியும் வந்தாள். கரண்ட் எப்போது திரும்பியது என்று எனக்குத் தெரியாது. அப்படியொரு கிறுக்குச் சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

சாயங்காலம் வாசலில் கார் நின்றது. மகள் என்னைக் கட்டிப்பிடித்து, பழக்க தோஷத்தில் இடது காதில் ஏதோ சொன்னாள். "சரி, சரி" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தேன்.

"என்னம்மா கேட்ட?"

"ஒன்னும் கேக்கலப்பா. போயிட்டு வரேன்னு சொன்னேன்."

"முடியாது," என்றேன்.

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு சுற்றிக்கொண்டு என் இடது பக்கம் போய் நின்று, மறுபடியும் கேட்டாள்.