நூற்றில் முப்பத்தேழு போனால்

பல்லேபொலப் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் ஆறாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் மூன்று கிழமைகளைக் கழித்தலுக்கே கொடுத்துவிடுகிறேன். பாடத்திட்டத்தில் அது கிடையாது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்குக் கழித்தல் தெரிந்திருக்கும் என்பது பாடத்திட்டத்தின் நம்பிக்கை. அதிபர் என் பாடக்குறிப்பைப் புரட்டிவிட்டு, இந்த வருடமும் பின்தங்கிவிட்டீர்களே டீச்சர் என்பார். ஆமாம் சேர் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். விளக்கம் சொல்ல இப்போதெல்லாம் தெம்பில்லை. சொல்லத் தொடங்கினால் அது என் தம்பியிடம்தான் போய் நிற்கும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்குப் பத்து. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றி இறக்குவார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து, வந்த நேரத்தில் பாதியைத் தூங்கியே கழித்துவிட்டுத் திரும்பிப் போவார். நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறி, மாத்தளை நகரத்துப் பாடசாலைக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன முதல் பிள்ளை நான். அதை ஒருவரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன்.

அந்த வருடம் தம்பிக்கும் அதே பரீட்சை. அப்பா பாயில் படுத்தபடியே சொன்னார்.

“நீதானே பாஸ் பண்ணினவ. தம்பிக்கும் நீயே சொல்லிக்குடு. அவனும் ஒன்கூட டவுனுக்கு வரட்டும்.”

அன்று முதல் நான் டீச்சர். பஸ்ஸில் நின்றே வந்த களைப்பும், எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் சேர்ந்த டீச்சர். பழைய வினாத்தாள்களைத் தேடி எடுத்து, கடினமான கணக்குகளை முதலில் வைத்தேன். அவன் வேகமாகப் போனால்தான் வெல்லலாம் என்பது என் எண்ணம். தம்பி மக்கு அல்ல. எந்த மாதிரிக் கேள்விக்கு எதைப் பெருக்கி எதைக் கூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால், கிளிப்பிள்ளை மாதிரிச் செய்துவிடுவான். ஆனால் கழித்தலில், அதுவும் சைபர் வந்துவிட்டால், பென்சிலைக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவான்.

நூற்றில் முப்பத்தேழு போக வேண்டும். சைபரில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்றேன்.

“பக்கத்திலயும் சைபர்தானே. இல்லாதவங்கக்கிட்ட எப்படி வாங்குறது?”

“அப்ப அதுக்கு அடுத்ததுல வாங்கு.”

“அங்க ஒண்ணுதான் இருக்கு. ஒண்ண வாங்கினா இங்க எப்படிப் பத்தாகுது? ஏன் அக்கா, திருப்பிக் குடுக்கத் தேவையில்லையா?”

நான் அவன் தலையில் குட்டினேன். அது அப்படித்தான், சொன்னதைச் செய் என்றேன். உண்மையில் ஒன்று ஏன் பத்தாகிறது என்று எனக்கும் தெரியாது. கோடு போட்டு, வெட்டி, மேலே ஒன்பதும் பத்தும் எழுதினால் விடை சரியாக வரும். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

“அவன் கேக்குறத மொதல்ல விளங்கப்படுத்து. பெரிய கணக்கெல்லாம் பிறகு பாக்கலாம்.”

“ஒங்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா” என்றேன்.

அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அதற்குப் பிறகு எங்கள் கணக்கைப் பற்றி அவர் பேசவேயில்லை.

சில நாள் கழித்து, பாடசாலை விட்டு வந்தபோது தம்பி தரையில் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தான். விளக்குமாற்று ஈர்க்கைத் துண்டு துண்டாக உடைத்து, பத்துப் பத்தாக நூலால் கட்டி, அப்படிப் பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டியிருந்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய கட்டை அவிழ்த்தான். பிறகு சின்னக் கட்டில் ஒன்றை அவிழ்த்து, ஏழு குச்சிகளை எண்ணித் தள்ளி வைத்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அக்கா இங்க பாரேன் என்று கூப்பிட்டான்.

பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம். அவன் முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரிக் குச்சி எண்ணிக்கொண்டிருக்கிறான். எல்லாவற்றையும் அள்ளி அடுப்பில் போட்டேன். பரீட்சை மண்டபத்துக்குள் விளக்குமாறு கொண்டுபோக விடமாட்டார்கள் என்றேன். அவன் அழவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு என்னிடம் ஏன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பையன் வழிக்கு வந்துவிட்டான் என்று எனக்குத் திருப்தி.

பல வருடங்களுக்குப் பின் ஆசிரியர் கலாசாலையில் ஒரு விரிவுரையாளர் மேசைமேல் குச்சிக் கட்டுகளை வைத்து, ஒன்றை அவிழ்த்துக் காட்டினார். யாரும் யாரிடமும் கடன் வாங்குவதில்லை, கட்டைத்தான் அவிழ்க்கிறோம் என்றார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் மேசையில் அவிழ்ந்து கிடந்த குச்சிகளை எண்ணினேன். இருபத்திரண்டு வயதில் எனக்குச் சொல்லித்தந்ததைத் தம்பி பத்து வயதில் தானாகவே கண்டுபிடித்திருந்தான்.

பரீட்சை முடிவு வந்தபோது தம்பி தேறத் தேவையான வெட்டுப்புள்ளிக்கு வெகு கீழே இருந்தான். அப்பா வந்திருந்த நாள் அது. பையை எடுத்துக்கொண்டு, வழக்கத்துக்கு முந்திய பஸ்ஸிலேயே தம்புள்ளைக்குப் போய்விட்டார். அம்மா தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்.

“அக்கா ஒனக்குச் சரியாச் சொல்லித் தரலியா?”

நான் கதவோரம் நின்றேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை.

“அக்கா சரியாத்தான் சொல்லிக்குடுத்துச்சு. எனக்குத்தான் மண்டையில ஏறல.”

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் உண்மையைத்தான் சொல்கிறான் என்றே நினைத்தேன். அவன் என்னைக் காப்பாற்றுகிறான் என்று தெரியவில்லை. தன்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வரியை அன்றே அவன் நம்பத் தொடங்கிவிட்டான் என்பதும், பதினோராம் வகுப்புவரை அதை ஒருவராலும் மாற்ற முடியாமல் போகும் என்பதும் தெரியவில்லை.

எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நல்ல பசியும் வந்தது. தனக்கு வேண்டாம் என்று அவன் தள்ளிவைத்த ரொட்டியையும் சேர்த்து நானே சாப்பிட்டேன்.