என் கேனிலிருந்து கிழித்த ஸ்டிக்கர்

லாட்ஜில் பாத்ரூம் கழுவும் கன்னியம்மாவை வாசல் படியில் உட்கார வைத்திருந்தார்கள். கண் இரண்டும் சிவந்து நீர் கொட்டியது. இருமல் நிற்கவில்லை. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. தகவல் கேட்டு ஓடிவந்த என்னைப் பார்த்ததும் லாட்ஜ் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "இன்னாம்மா ஊத்தி அனுப்பிச்ச அந்தத் தண்ணில?"

"மொதல்ல ஆட்டோ கூப்பிடுங்க சார்."

"ஆஸ்பத்திரிலாம் இன்னாத்துக்கு? மோர் குடிச்சா சரியாப்பூடும். முகூர்த்த டைம்மா, ரூம் ஃபுல்லா கெஸ்ட்டு. வாசல்ல கும்பல் சேக்காத."

நானே ஆட்டோ பிடித்து அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போனதும் ஆக்சிஜன் வைத்தார்கள். மோர் குடிக்கச் சொன்ன அந்த ஆளின் குரல் இன்றைக்கும் காதில் விழுந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அது என்ன தண்ணீர்

கல்யாண மண்டபங்களில் கழுவும் வேலை பார்த்தவள் நான். ஆசிட் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்துபோன பிறகுதான் ஓரிக்கையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இந்தத் தொழிலை ஆரம்பித்தேன். ஜூஸ் கடைகளிலிருந்து எலுமிச்சை, சாத்துக்குடித் தோலை வாங்கிவந்து, வெல்லமும் தண்ணீரும் சேர்த்து டிரம்மில் ஊறப்போடுவேன். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி கேஸை வெளியே விட வேண்டும். மறந்தால் டிரம் உப்பி வெடிக்கும். மூன்று மாதத்தில் நன்றாகப் புளித்துவிடும். வடிகட்டி, பூந்திக்கொட்டையை வேகவைத்த சாறு கலந்தால் தரைக்கும் ஆகும், பாத்ரூம் டைல்ஸுக்கும் ஆகும். என்சைம் என்று சொல்லி விற்கிறோம்.

யூடியூப் பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புளிப்பு என்றாலே ஆசிட்தான், மிதமான ஆசிட். தனியாக ஊற்றினால் கையைச் சுடாது. பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் கேஸ் கிளம்பும். மூடின அறைக்குள் அது ஆளைச் சாய்த்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு கேனிலும் சிவப்பு எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினேன்: "பிளீச்சிங் பவுடருடன் கலக்கக் கூடாது."

மறுநாள் கன்னியம்மாவுக்குப் பேச்சு வந்தது.

"பவுடர் தூவி, மேல உன் தண்ணிய ஊத்தினேன்க்கா. மேனேஜர்தான் ரெண்டையும் போட சொன்னாரு. கெஸ்ட்டுக்கு வாட வரக்கூடாது, கதவ சாத்திக்கினு தேயின்னாரு."

"கேன்ல எழுதியிருந்துச்சே, பாக்கலியா?"

"எனக்கு நல்லா படிக்க தெரியும்க்கா. எதோட வேணாலும் கலக்கலாம்னுதான் போட்டிருந்துச்சு."

மொத்தக் கடையில்

லாட்ஜுக்குப் போய்க் கேனைப் பார்த்தேன். என் ஸ்டிக்கரைக் கிழித்த இடத்தில் பசை பிசுபிசுத்தது. அதன்மேல் பளபளவென்று புது லேபிள். ஒரு பச்சை இலைப் படம். "நூறு சதவீதம் நேச்சுரல். எதனுடனும் கலந்து பயன்படுத்தலாம்."

என் சரக்கை எடுத்து ஊர் முழுக்க சப்ளை செய்தவர் சேகர். கிளீனிங் சாமான் மொத்த வியாபாரி. கேனைத் தூக்கிக்கொண்டு நேராக அவர் கடைக்குப் போனேன்.

"ஸ்டிக்கர கிழிச்சது யாருங்க?"

"நான்தாம்மா. நேச்சுரல்னு சொல்லி விக்கறோம். அதுல செவப்பா டேஞ்சர் மாதிரி எழுதி வெச்சா எவன் வாங்குவான்? மார்க்கெட்டிங் உனுக்குத் தெரியாது, வுடு."

"ஒரு பொம்பள மூச்சு வுட முடியாம கெடக்கறா."

"அவ ஏன் கலந்தா? கழுவறவளுக்கு அறிவு வேணாமா?"

அதுவரை நான் அவரை மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அன்றைக்கு வாய் தானாக மாறிவிட்டது.

"கலக்கலாம்னு நீதான்யா லேபிள் போட்ட! அவ அத படிச்சுட்டுதான் ஊத்தினா. அறிவு யாருக்கு இல்ல?"

கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தம் போடாதம்மா, ஜனங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்னுதான் கத்தறேன்."

ரேக்கில் இருந்த என் கேன்களை எல்லாம் இறக்கி ஆட்டோவில் ஏற்றினேன். "இதோட உன் யாவாரம் முடிஞ்சுது, இந்த ஊர்ல எவனும் உன்கிட்ட எடுக்க மாட்டான்" என்றார். அவர் சொன்னதில் பாதி நடந்தது. இரண்டு டிரம் சரக்கு வாங்க ஆளில்லாமல் கிடந்தது.

ஆனால் அவர் சப்ளை செய்த லாட்ஜ், மண்டபம், ஜவுளிக்கடை ஒவ்வொன்றுக்கும் போனேன். மேனேஜரைக் கேட்கவில்லை, கழுவுகிறவர்களைக் கூப்பிடச் சொன்னேன். சில இடங்களில் விரட்டினார்கள். கேட்டுக்கு வெளியே காத்திருந்து, வேலை முடிந்து வந்தவர்களிடம் பிளீச்சிங் பவுடரோடு கலக்காதீர்கள் என்று சொன்னேன்.

லாட்ஜ் வாசலில்

கன்னியம்மாவை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். அந்த லாட்ஜில் கழுவுகிற மற்ற பெண்கள் மறுநாள் காலையில் ஒரு அறையையும் திறக்கவில்லை. துடைப்பத்தோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்த கெஸ்ட்டுகள் சத்தம் போட, முதலாளியே காரில் வந்து இறங்கினார்.

"எல்லா பாத்ரூமுக்கும் எக்சாஸ்ட் ஃபேன் போடறேன். அந்தம்மாவையும் வரச் சொல்லுங்க, எழுந்திரிங்க" என்றார்.

ஃபேன் போட்டார்கள். மேனேஜர் இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மன்னிப்புகூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

கன்னியம்மா போகவில்லை. "மாடி ஏறினாலே மூச்சு வாங்குதுக்கா. கூப்பிட்டு இன்னா பண்றது?" என்று சொல்லி மாகறலில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டாள். பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் இருமலைக் கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறேன்.

இப்போது என் கேன்களில் நேச்சுரல் என்ற வார்த்தை கிடையாது. எச்சரிக்கையைக் கேன்மேலேயே கிழிக்க முடியாதபடி அச்சடிக்கிறேன். அது போதும் என்றும் நினைக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாங்குகிற முதலாளியிடம் பேசிவிட்டுத் திரும்பி வராதீர்கள். மண்டி போட்டு அதைத் தேய்க்கப் போகிறவள் யார் என்று கேளுங்கள். அவளிடம் நேரில் சொல்ல விடவில்லை என்றால், சரக்கை இறக்காமல் வண்டியைத் திருப்புங்கள்.