ஏரியின் நாலு பக்கமும்

நசுங்கிய வண்டிகளைப் படம் எடுப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. இன்சூரன்ஸ் சர்வேயர். எந்த வண்டி எங்கே மோதினாலும் கேமராவும் கையுமாகப் போய் நிற்பார். முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது என்று வண்டியைச் சுற்றி வந்து எடுப்பார். அப்புறம்தான் அடிபட்ட இடத்துக்குக் கிட்டே போவார். உடைந்த கண்ணாடியும் காய்ந்த ரத்தமும், "கொஞ்சம் பாத்து எழுதுங்க சார்" என்ற கெஞ்சலுமாகவே ஆயுசில் பாதி போய்விட்டது. இந்த மனுஷன் பூவையும் புல்லையும் படம் எடுப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

ஏரிக்கரைச் சாலையில் ஒருநாள் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. வேலையை முடித்து நிமிர்ந்தால் எதிரே தண்ணீர். பட்டுப்போன மரக்கட்டையில் ஒரு நீர்க்காகம், துவைத்த சட்டையைக் காயப்போட்ட மாதிரி சிறகை விரித்து நின்றது. அதையும் எடுத்தார். எடுத்த பிறகுதான் இவ்வளவு நேரமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அவருக்கே தெரிந்தது.

அந்த வருஷம்தான் அவர் மனைவி மாடிப்படியில் உருண்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் முடங்கினாள். புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, சமையல், அதற்கு மேல் வேலை. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அந்த முகத்தில் எதுவுமே இல்லாமல் போய்விட்டது. மனைவியின் தங்கை அதைப் பார்த்துப் பயந்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல அக்காவ நான் பாத்துக்கறேன் மாமா. எங்கயாவது போயிட்டு வாங்க. இல்லன்னா நீங்களும் படுத்துருவீங்க."

ஏரிக்குத்தான் போனார். அப்புறம் வாராவாரம் போனார். நாணலின் மேல் வெயில் விழுவதற்காக ஒரு மேகம் விலகக் காத்துக்கிடப்பார். சிக்னலில் நிற்கவே பொறுமையில்லாத ஆள்! அங்கே அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். நிம்மதியாக இருந்தார். அப்படி இருப்பதே பாவம் என்றும் நினைத்தார். அதனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் படங்களை அவளுக்குக் காட்டுவார். "நல்லாருக்கு" என்பாள். அந்த நல்லாருக்கு வரவரச் சுருங்கியது. ஒரு ஞாயிறு முகத்தையே திருப்பிக்கொண்டாள்.

அவருக்குத் திக்கென்றது. அவள் பார்க்க மாட்டேன் என்றால் அப்புறம் எந்தச் சாக்கில் போவது? அந்தக் காலை நேரமும் கைவிட்டுப் போனால் எதைப் பிடித்துக்கொண்டு வாரம் முழுக்க ஓட்டுவது?

"ஏன், சரியா வரலையா?"

"எல்லாம் காலண்டர் மாதிரி இருக்கு. காலண்டர் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? நீங்க எங்க நிக்கறீங்க, முதுகுக்குப் பின்னால என்ன இருக்கு, ஒண்ணும் தெரியல. வண்டிய எடுப்பீங்களே சுத்திச் சுத்தி, அப்படி எடுத்துட்டு வாங்க. நானும் அங்க இருக்கற மாதிரி பாத்துக்கறேன்."

இவ்வளவுதானா! அடுத்த ஞாயிறு நின்ற இடத்திலேயே நாலு பக்கமும் திரும்பித் திரும்பி எடுத்தார். மின்கம்பம், குப்பைத்தொட்டி ஒன்றையும் விடவில்லை.

அவள் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிப் படத்தில் விரல் நின்றுவிட்டது. அது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பக்கம். கார் நிறுத்துகிற இடத்திலிருந்து தண்ணீர் ஓரம் வரை ஒரு சிமெண்டுப் பாதை, படியே இல்லாமல் சரிவாக வந்தது.

"இது எப்பலேருந்து இருக்கு?"

"முதல்லேருந்தே இருக்கு."

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற சக்கர நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

கவனிக்கவில்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். வாராவாரம் நடந்த பாதை. ஒரு சக்கரம் எதில் போகும், எதில் போகாது என்று பார்ப்பதே தொழிலாக இருக்கிறவர். அந்தப் பொய்யைச் சொல்ல வரவில்லை.

"எனக்கு அங்க தனியா இருக்கணும் போல இருந்துச்சும்மா" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் கத்தவில்லை. அழவும் இல்லை.

"எனக்கும்தான் இருக்கு, தனியா இருக்கணும்னு. நான் எங்க போவேன்?" என்றாள். "ஒரு வாரம் நீங்க போங்க. மறுவாரம் என்னைக் கொண்டுபோய்த் தண்ணி ஓரமா விட்டுட்டு, நீங்க கார்ல உக்காந்துக்கங்க. நான் கூப்பிடற வரைக்கும் வராதீங்க."