விரல் அகலம் விட்ட முற்றம்

அந்தக் கொத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் 'ரசமட்டம்'தான். மற்ற கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அந்தக் கருவியைத் தரையில் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். இவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்ற வாக்கிலேயே, "அந்த மூலையில ஒரு நூல் தூக்கலா இருக்கு" என்பார். வைத்துப் பார்த்தால் ஒரு நூல் தூக்கலாகத்தான் இருக்கும். இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், முப்பது வருஷம் முட்டி தேயத் தரை போட்டவருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அவர் போட்ட தரைகளிலேயே அவருக்குச் செல்லமானது அக்கா வீட்டு முற்றம். தனியாக வேலை எடுத்துச் செய்யத் தொடங்கிய வருஷம் போட்டது. வீட்டுச் சுவரிலிருந்து தெருக்கதவு வரை ஒரே சிமெண்ட் பாளம், ஓர் ஒட்டு கிடையாது, ஒரு கீறல் கிடையாது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் யாராவது அவர் வேலையைப் பார்க்க வேண்டும் என்றால் நேரே அங்கேதான் கூட்டிக்கொண்டு வருவார். அதைப் பார்த்துவிட்டு அந்தத் தெருவில் பாதிப் பேர் தங்கள் முற்றத்தையும் அவரையே வைத்து மெழுகிக்கொண்டார்கள்.

வினை அங்கேதான் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் தெருவுக்குத் தார் மேல் தார் போட்டுத் தெரு ஒரு முழம் உயர்ந்துவிட்டது. மழை பெய்தால் எந்த முற்றமும் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் குடிப்பதில்லை. வெளியே போன தண்ணீர் போக்கிடம் தெரியாமல் திரும்பி, பள்ளத்தில் இருந்த அக்கா வீட்டுக்குள் வந்தது. முன்னறைதான் அக்காவின் தையல் அறை. போன மழைக்காலத்தில் இரண்டு தடவை அங்கே கணுக்கால் அளவு தண்ணீர். வாடிக்கையாளர்கள் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன துணியில் சாயம் ஏறிவிட்டது.

"இன்னொரு தடவை தண்ணி வந்தா மெஷினை மாடிக்கு ஏத்திட வேண்டியதுதான்" என்றார் அக்காவின் கணவர். நல்ல மனிதர். இரண்டு தடவையும் வாளியும் துடைப்பமுமாக நின்றவர் அவர்தான்.

"மாடிக்கு மெஷின் ஏறும். எங்கிட்ட தைக்க வர்றவங்க ஏறுவாங்களா? பாதிப் பேருக்கு முட்டி வலி. மெஷினை மேல ஏத்தினா என் தொழிலைக் கீழ இறக்கின மாதிரிதான்" என்றாள் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்து தைத்துத்தான் பிள்ளைகளைக் கரையேற்றினாள். அதை விட்டுவிடச் சொல்வது அவளுக்கு வீட்டைவிட்டுப் போகச் சொன்ன மாதிரி இருந்தது.

தம்பியை அழைத்து விஷயத்தைச் சொன்னாள். முற்றத்தை உடைக்க வேண்டும், தண்ணீர் இறங்குகிற மாதிரி வேறு தரை போட வேண்டும். ரசமட்டத்தின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் அக்கா சொன்னால் சொன்னதுதான். சிறு வயதில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள் அவள். மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

இருவரும் கட்டுமானச் சாமான் கடைக்குப் போனார்கள். அக்கா கைப்பையில் ஒரு சொம்பு கொண்டுவந்திருந்தாள். கடைக்காரர் எதைக் காட்டினாலும் அதன் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். பளபளப்பான ஓட்டில் ஊற்றியது கடைக்காரரின் செருப்பை நனைத்தது. கருங்கல் பலகையிலும் அதே கதை. வெறும் சரளை நன்றாகக் குடித்தது, ஆனால் ஊன்றுகோலோடு வருகிற வாடிக்கையாளர் அதில் எப்படி நடப்பார்? புல் முளைக்கத் துளை விட்ட கற்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. ஆனால் அந்த முற்றத்தில் வெயிலே விழாது, புல் எங்கே வரும்?

"அம்மா, நீங்க தரை வாங்க வந்தீங்களா, கடையைக் கழுவ வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

அக்கா சிரித்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள். "பழைய பாளத்தை உடைச்சா அதை என்னடா செய்வ?"

"வண்டியில ஏத்தி எங்கயாவது கொட்டணும்."

"எதுக்குக் கொட்டணும்? நல்ல துணியை யாராவது தூக்கிப் போடுவாங்களா? பிரிச்சு வெட்டித் திரும்பத் தைக்கலாம். அதையே துண்டு துண்டா வெட்டி, நடுவுல ஒரு விரல் இடம் விட்டுப் பதிச்சுடு. இடுக்குல பொடி ஜல்லி. தண்ணி அது வழியா இறங்கிக்கும்."

அக்காவின் யோசனையில் ஓட்டை ஏதாவது கிடைக்குமா என்று ரசமட்டம் வீடு வரும்வரை தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சல்.

செல்லமான பாளத்தின் மீது முதல் சம்மட்டி அடியை அவரே போட்டார். வேறு யாரையும் தொடவிடவில்லை. ஓர் அடி ஆழம் தோண்டி, கீழே பெரிய ஜல்லி, அதன் மேல் சின்ன ஜல்லி, அதற்கும் மேல் பொடி ஜல்லி போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தினார். துண்டுகளைப் பதிக்கும்போதுதான் சோதனை. வழவழப்பான முகம் வழுக்கும் என்பதால் அதைக் கீழே கவிழ்த்து, சொரசொரப்பான அடிப்பக்கத்தை மேலே வைக்க வேண்டியிருந்தது. அவர் முகம் பார்த்து மகிழ்ந்த பக்கம் மண்ணைப் பார்த்துப் படுத்தது. இடுக்குகளில் பொடி ஜல்லி மட்டும்தான்; மணல் இல்லை, சிமெண்ட் இல்லை. கடைசித் துண்டு பதிந்த அன்று அக்கா பள்ளிச் சீருடைகளைக் கொடுத்துவிட்டு வர வெளியே போயிருந்தாள்.

மதியம் வேலை முடிந்தது. ரசமட்டம் தெருக்கதவில் நின்று பார்த்தார். திரும்பிய பக்கமெல்லாம் இடுக்கு. எதிர்வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துப் போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டுப்போனார்: "என்ன மேஸ்திரி, பாதியில நிக்குதா?"

அவ்வளவுதான். கை பரபரத்தது. கொத்தனார் கைக்கு இடுக்கைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாது. பாதி மூட்டை சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து, பாலாக்கி, இடுக்குகளில் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துவிட்டார். அக்காவுக்கு ஒரு நல்லது செய்கிறோம் என்றேதான் நினைத்தார், பாவம். மாலை நாலு மணிக்கு முற்றம் மறுபடி ஒரே பாளமாகத் தெரிந்தது.

அக்கா வந்தாள். பார்த்தாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நடு முற்றத்தில் ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டுத் தையல் அறைப் படியை நோக்கி ஓடியது.

"பொத்தானுக்குத் துளை போட்டுட்டு, அதையே தைச்சு மூடிட்டியேடா" என்றாள்.

"பாக்க அசிங்கமா இருந்துச்சுக்கா."

"யாருக்கு?"

அக்கா திட்டியிருந்தால் தேவலை. அவள் மெஷின் இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்துவந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து இடுக்கைச் சுரண்ட ஆரம்பித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. திருப்புளியைக் கையிலிருந்து வாங்கினார்.

"நீ உள்ள போக்கா. இது என் வேலை."

மூன்று நாள் ஆயிற்று. மேலே சுரண்டினால் மட்டும் போதாது. பால் கீழே இறங்கிப் பொடி ஜல்லியைக் கட்டியாக்கியிருந்தது. ஒவ்வொரு இடுக்கையும் உளியால் கிளறி, இறுகியதை அள்ளி எடுத்து, புது ஜல்லி போட்டு நிரப்பினார். குனிந்த தலை நிமிராமல் செய்ததில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஒன்றுக்கொன்று சேராத கோணல் துண்டுகள் அவை. ஆனால் எந்த இரண்டு துண்டுக்கு நடுவிலும் ஒரே அளவு இடம், விரலை வைத்தால் விரல் சரியாக உட்கார்ந்தது. ஒட்டில்லாத தரையை ஓரளவு கை பழகிய எவனும் போட்டுவிடுவான். இதைப் போட ஒரு கண் வேண்டும். சுரண்டச் சுரண்ட அவருக்கு வெட்கம் குறைந்து வேறொன்று ஏறிக்கொண்டே வந்தது. மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரர் மறுபடி எட்டிப் பார்த்தார்.

"இன்னும் முடியலையா மேஸ்திரி?"

"முடிஞ்சுடுச்சு. இது இப்படித்தான் இருக்கும்" என்றார் ரசமட்டம். குரலில் ஒரு நூல் தூக்கல்தான்.

பத்து நாள் கழித்து, பட்டப்பகலில் வானம் இருட்டியது. ரசமட்டம் வேறொரு வீட்டில் சுவர் பூசிக்கொண்டிருந்தார். முதல் தூறல் விழுந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். பாதி வழியில் மழை கொட்டித் தீர்க்க ஆரம்பித்துவிட்டது. தெருவில் தண்ணீர் சக்கர விளிம்பு முங்க ஓடியது. அவர் இன்னும் வேகமாக மிதித்தார். நம் கணக்கு தப்பியிருந்தால் இன்றைக்கே மெஷின் மாடிக்குப் போய்விடும்.

அவர் அக்கா வீட்டை அடைந்தபோது, தெருக்கதவை மீறி உள்ளே பாய்ந்த தண்ணீர் முற்றத்தில் நாலைந்து துண்டு தாண்டியதும் மெலிந்தது. இன்னும் இரண்டு துண்டு தாண்டியதும் காணாமல் போயிற்று. இடுக்குகளில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைந்தன, தரை அவசரமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது. படி காய்ந்துதான் இருந்தது. அக்காவின் கணவர் வாளியும் துடைப்பமுமாக வாசலில் தயாராக நின்றார்.

"என்ன மாப்ள, எனக்கு வேலையே வைக்கலையே" என்றார்.

ரசமட்டம் அவருக்குப் பின்னால் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அக்கா மெஷினில் இல்லை. தரையில் மண்டியிட்டிருந்தாள். யாரோ நம்பிக் கொடுத்த வெள்ளைத் துணி, ஆறு கஜம் இருக்கும். அதை அறை முழுக்கத் தரையில் விரித்துப் போட்டு, சுண்ணக் கோடு இழுத்து, வெட்டிக்கொண்டிருந்தாள். வெளியே மழை வானம் பிய்ந்த மாதிரி கொட்டியது. அவள் கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

முப்பது வருஷத்தில் அவர் தரைகளை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். இப்படி ஒருவரும் புகழ்ந்ததில்லை.